பெற்றோருக்காகப் பொய் சொல்லும் பிள்ளைகள்

அரபு மொழியில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குத் தனித்தனிச் சொற்கள் உண்டு. தந்தையை இழந்த பிள்ளை ‘யதீம்’. தாயை இழந்தது ‘அஜிய்’. இருவரையும் இழந்தது ‘லதீம்’. விலங்குகளிலோ தாயை இழந்த குட்டியே யதீம் என்று அகராதி ஆசிரியர்கள் வேறுபடுத்துவர். அச்சொல்லின் வேரில் தனிமை என்னும் பொருள் கிடப்பதால், இணையற்ற முத்தையும் ‘யதீமா’ என்று அழைத்தனர். ஆயின், பெற்றோர் உயிரோடிருக்கவே அவர்களால் கைவிடப்பட்டோ அவர்களுக்கு அஞ்சியோ வாழும் பிள்ளையை என்னென்பது? எகிப்தியக் கவிஞர் அஹ்மத் ஷவ்கீ (1868-1932) யதீம் என்னும் சொல்லின் எல்லையை அப்பிள்ளைக்கும் விரித்தார். அகராதி அவ்வளவு தூரம் செல்லவில்லை.

கடந்த அரை நூற்றாண்டில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சிறுவர்க்கென எழுதப்பட்ட புதினங்கள் பலவற்றில் நாம் காண்பது இத்தகைய பிள்ளைகளையே. ஆங்கிலம் பயின்ற என் மகள் நூலகத்திலிருந்து கொணர்ந்த சிலவற்றை முதலில் அசட்டையாகத்தான் புரட்டினேன். சிறுபிள்ளைக் கதையில் நமக்கென்ன இருக்கிறது என்னும் ஆணவம், முப்பதாண்டுகள் ஆசிரியனாக இருந்தவனுக்கு எளிதில் வந்துவிடுகிறது. ஆறேழு நூல்களைப் படித்தபின், பெயரும் ஊரும் வேறாயினும் அவற்றில் வந்துபோகும் மாந்தர் ஒரே குடும்பத்தார் போலத் தோன்றினர்.

முதலில் வருபவள் சிறு தாய். சிந்தியா வோய்ட் 1981இல் எழுதிய ‘ஹோம்கமிங்’ நூலில், கடைவளாகம் ஒன்றின் வாகன நிறுத்துமிடத்தில் பிள்ளைகள் நால்வரையும் காரில் விட்டுச் சென்ற தாய் திரும்பவில்லை. அவள் மனம் சிதைந்தவள். 13 வயது டைசி, தம்பியர் இருவரையும் தங்கையையும் அழைத்துக்கொண்டு, கையிலுள்ள சில்லறையை எண்ணி எண்ணி உணவு வாங்கி, கனெக்டிகட் மாநிலச் சாலைகளில் நாட்கணக்கில் நடக்கிறாள். அடுத்து வருபவள் புகைப்படத்தில் மட்டும் வாழும் அழகிய தாய். கேத்தரின் பேட்டர்சனின் ‘தி கிரேட் கில்லி ஹாப்கின்ஸ்’ (1978) என்னும் கதையில், வளர்ப்பு இல்லங்களுக்கிடையே அலைக்கழிக்கப்பட்ட 11 வயதுச் சிறுமி கில்லி, அந்தப் படத்தை நம்பியே நாட்களைக் கடத்துகிறாள். மூன்றாமவர், வெளித்தோற்றத்தில் கரடுமுரடான மூதாட்டி. கில்லியின் வளர்ப்புத்தாய் டிராட்டரும், டைசியின் பாட்டியும் இவ்வகையினர். முதற்பார்வையில் எவரும் விரும்பார். இறுதியில் கூரையாய் நிற்பவர் அவரே.

பழைய நூல்களில் பிரிந்த பெற்றோரைப் பிள்ளைகள் ஒன்றுசேர்த்து வைப்பர். ஜெர்மானியரான எரிக் கேஸ்ட்னர் 1949இல் எழுதிய இரட்டைச் சகோதரியர் கதை அப்படித்தான் முடிகிறது. பின்வந்தோர் அந்த இனிப்பைப் பெரும்பாலும் கைவிட்டனர். கில்லியின் தாய் ஒருநாள் வரத்தான் செய்கிறாள். ஆயின், பாட்டி பணம் கொடுத்ததால் வந்திருக்கிறாள் என்பதை மகள் அறிந்துகொள்கிறாள். சிறுவர் நூலில் இத்துணைக் கசப்பா என்று புத்தகத்தை மூடிவைத்தேன். மறுநாள் எடுத்து முடித்தேன்.

இவர்கள் அனைவரினும் என்னை நிறுத்திவைத்தவர், பெற்றோரின் மானம் காக்கப் பொய் சொல்லும் பிள்ளைகளே. பெட்ஸி பயர்ஸ் எழுதிய ‘தி பின்பால்ஸ்’ (1977) நூலில், ஹார்வி என்னும் சிறுவன் இரு கால்களும் முறிந்த நிலையில் வளர்ப்பு இல்லத்துக்கு வருகிறான். பந்து விளையாட்டில் முறிந்தன என்கிறான். உண்மையில், மது அருந்தியிருந்த தந்தை ஓட்டிய கார்தான் அவன் கால்கள்மீது ஏறியது. ஜாக்குலின் வில்சனின் ‘தி இல்லஸ்ட்ரேட்டட் மம்’ (1999) நூலில், சிறுமியர் இருவர் மனநோயுற்ற தாயின் நிலையை அயலாரிடமிருந்து மறைக்கின்றனர். வெளியே தெரிந்தால் தங்களைப் பிரித்துக் கொண்டுபோய்விடுவர் என்னும் அச்சம். மூத்தவள் தன் தந்தையுடன் சென்றபின் இளையவள் டால்ஃபின் மட்டும் தனித்திருக்கிறாள். தாய் உடலெங்கும் வெள்ளை வண்ணத்தைப் பூசிக்கொண்டு நிற்கும் இரவில் அவள் ஆம்புலன்ஸை அழைக்கிறாள். தாயின் உயிரைக் காக்கச் செய்த அச்செயலையே அவள் துரோகம் என்று எண்ணி வருந்துகிறாள்.

இவ்விடத்தில் என் வாழ்வில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல இயலவில்லை. பல்லாண்டுகளுக்கு முன், என்னிடம் ஓதிய மாணவன் ஒருவன் வாரத்தில் இருநாள் பாடம் மனனம் செய்யாமல் வருவான். கண்கள் சிவந்திருக்கும். தந்தையை அழைத்து வா என்றால், “அத்தா வெளியூர் போயிருக்காங்க, ஹஜ்ரத்” என்பான். ஒருநாள் அவன் தந்தையைக் கடைத்தெருவில் கண்டேன். மறுநாள் பொய் சொன்ன குற்றத்துக்காக, மற்றப் பிள்ளைகளின் முன்னிலையில் அவனைப் பிரம்பால் அடித்தேன். அவன் அழவில்லை. அந்த வீட்டில் இரவில் நடப்பது தெருவார் அனைவருக்கும் தெரியும். எனக்குத் தெரிய ஓராண்டு சென்றது. பொய் கூடாது என்று நான் கற்பித்தேன். பெற்றோரைக் கண்ணியப்படுத்து என்றும் நானே கற்பித்தேன். இரண்டுக்கும் இடையே அவன் எங்கே நிற்பான் என்று எண்ணிப் பார்க்கவில்லை.

பிறர் குறையை மறைத்தலை, அரபியில் ‘ஸத்ர்’ எனப்படுவதை, உயர்ந்த பண்பாகவே கற்றிருக்கிறோம். அதில் ஐயமில்லை. ஆனால் யார் யாருடைய குறையை மறைப்பது? வலியவன் எளியவனின் குறையை மறைத்தால் அது அருள். அடிபட்டவன் அடித்தவனின் குறையை மறைக்க நேர்ந்தால் அதற்கும் அதே பெயரைச் சூட்டலாமா? இமாம் நவவீ (மறைவு 1277), புறம்பேசுதல் அனுமதிக்கப்படும் ஆறு இடங்களைக் குறிப்பிடுகையில், அநீதிக்குள்ளானவன் அதிகாரமுள்ளவரிடம் முறையிடுவதை முதலாவதாக வைத்தார். இதைப் பலமுறை பாடமாக நடத்தியவன் நான். அநீதிக்குள்ளானவன் என்றதும் நிலத்தை இழந்தவனும் கூலி கிடைக்காதவனுமே நினைவுக்கு வந்தனர். ஏழு வயதுப் பிள்ளை வரவில்லை.

நார்வே நாட்டு எழுத்தாளர் குரோ டாலே 2003இல் எழுதி, ஸ்வெய்ன் நியூஹுஸ் படம் வரைந்த ‘சின்னா மன்’ (கோபக்கார மனிதன்) என்னும் சிறு நூலில் இதைக் கண்டபோது வியந்தேன். தந்தையின் கோபத்தால் நடுங்கும் சிறுவன் அதை எவரிடமும் சொல்ல மாட்டாமல் தவிக்கிறான். இறுதியில் நாட்டின் அரசருக்கே கடிதம் எழுதுகிறான். அரசர் வந்து, இது உன் குற்றமன்று என்கிறார். தந்தையும் உதவி பெறச் செல்கிறார். முறையீடு, அதைக் கேட்க ஓர் ஆள், குற்றவாளிக்கும் திருந்த ஒரு வழி என மூன்றும் அச்சிறு நூலில் உள்ளன.

இந்நூல்களிடம் எனக்குக் குறையில்லாமலில்லை. சிறு தாயை இவர்கள் மிகையாகப் புகழ்கிறார்கள். டைசியின் துணிவைப் படிக்கையில் நெஞ்சு நிமிர்கிறது. பெயரை மாற்றிச் சொல்லி, பையனைப் போல் நடித்து அவள் தப்புவதில் நமக்கும் ஒரு மகிழ்ச்சி உண்டாகிறது. 13 வயதுக்காரி அப்படி நடிக்க நேர்ந்த கொடுமை அந்த மகிழ்ச்சியில் மறைந்துபோகிறது. பொறுமைக்காரப் பிள்ளை என்று நாம் மெச்சும் பிள்ளைகள் சிலர், உண்மையில் பெரியவர் இறக்கிவைத்த சுமையைத் தூக்கிக்கொண்டு நிற்பவர்கள். ஆயினும் ஒன்றைப் பாராட்ட வேண்டும்: இவ்வாசிரியர்கள் தாய் தந்தையரை அரக்கராக்கவில்லை. டால்ஃபினின் தாய் அன்புள்ளவள், நோயாளி. மகள் அவளை வெறுக்கும் ஒரு பக்கமும் அந்நூலில் நான் காணவில்லை.

நண்பரான ஆசிரியர் ஒருவரிடம் இவற்றைப் பேசியபோது, இவை பிள்ளைகள் கையில் சேர்ந்தால் பெற்றோர்மீதுள்ள மதிப்புக் குன்றாதா என்று கேட்டார். நேர்மையான கேள்வி. கேஸ்ட்னர் தம் கதையின் நடுவிலேயே இதற்கு முகம் கொடுத்திருக்கிறார். மணமுறிவைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசலாமா என்பார்க்கு, அதனால் துன்புறும் பிள்ளைகளும், பெற்றோர் பிரியாததாலேயே துன்புறும் பிள்ளைகளும் உலகில் இருப்பதை அவர் நினைவூட்டுகிறார். ஹார்வியைப் போன்ற பிள்ளைக்கு அந்நூல் புதிதாக எதையும் அறிவித்துவிடப் போவதில்லை. அவனுக்கு எல்லாம் தெரியும். தெரியாதவர் அவனருகே அமர்ந்திருக்கும் பிள்ளைகளும், அவனெதிரே பிரம்போடு அமர்ந்திருக்கும் ஆசிரியருமே. அந்த ஓராண்டில் இந்நூல்களில் ஒன்றையேனும் நான் படித்திருந்தால், அந்த மாணவனை முதலில் தனியே அழைத்துப் பேசியிருப்பேன் என்று நண்பரிடம் சொன்னேன். அவர் எதுவும் சொல்லாமல், அந்த நூலைக் கேட்டு வாங்கிச் சென்றார்.