காப்பாற்ற நின்ற கப்பல்

தன்னை நம்பி வந்தவர்களின் உயிரைக் காப்பதும், கண்ணெதிரே மூழ்குபவனைக் கைதூக்கி விடுவதும் ஒன்றோடொன்று மோதும்போது எது மேலான அறம் என்னும் கேள்வி பழமையானது. ஆனால் கொல்பவன் கண்ணுக்குத் தென்படாமல் அருகிலேயே காத்திருக்கக்கூடும் என்ற நிலையை நீர்மூழ்கிக் கப்பல் உருவாக்கிய பிறகு, அக்கேள்வி முன்னில்லாத கடுமையைப் பெற்றது.

ஜெர்மனியின் ஹெர்ஃபோர்டு நகரில் 1880இல் பிறந்து, 1901இல் கடற்படையில் சேர்ந்த ஓட்டோ வெடிகன், முதல் உலகப்போர் தொடங்கியபோது யு-9 என்னும் நீர்மூழ்கியின் தலைவராக இருந்தார். 1914 செப்டம்பர் 22 அன்று காலை, ஹாலந்துக் கரைக்கு அப்பால் மூன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல்களைக் கண்ட அவர், முதலில் அபூகிர் மீது டார்பிடோவை, அதாவது நீருக்கடியில் பாய்ந்து சென்று வெடிக்கும் ஆயுதத்தை, ஏவினார். கடற்கண்ணி வெடித்ததாக நினைத்த அபூகிரின் தலைவர் மற்ற இரு கப்பல்களையும் அருகே அழைக்க, ஹோக் கப்பல் நின்று படகுகளை இறக்கியது. அதன் மாலுமிகள் மிதக்கக்கூடிய பொருள்களையெல்லாம் நீரில் வீசிக்கொண்டிருந்தபோது இரண்டு டார்பிடோக்கள் அதைத் தாக்கின. மூன்றாவதான கிரெஸ்ஸி, நீர்மூழ்கி இருப்பதை அறிந்து அதை மோதி அழிக்க முயன்று, அது கைகூடாமல் போகவே, தத்தளிப்பவர்களிடம் திரும்பி வந்தது, அதுவும் வீழ்த்தப்பட்டது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் இறந்தவர்கள் 1,459 பேர்; அவர்களுள் குடும்பத்தை விட்டுப் போருக்கு அழைக்கப்பட்ட நடுவயதினரும், பயிற்சி முடியாத பதின்வயதுச் சிறுவர்களும் இருந்தனர்.

13ஆம் நூற்றாண்டின் கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ், தற்காப்புக்காகக் கொல்வதைப் பற்றி எழுதியதிலிருந்து வளர்ந்தது இரட்டை விளைவுக் கோட்பாடு: ஒரு செயலுக்கு நோக்கப்பட்ட விளைவும் நோக்கப்படாத விளைவும் இருக்குமானால், தீய விளைவை விரும்பாமலும் அதையே வழியாகக் கொள்ளாமலும் செய்தவன் குற்றவாளி ஆகான் என்பது அதன் சாரம். இதன்படி, வெடிகனின் குறி போர்க்கப்பல்தான், நீரில் கிடந்தவர்கள் அல்லர். பீரங்கி தாங்கிய கப்பல் மீட்பில் ஈடுபட்டாலும் மருத்துவக் கப்பலுக்குரிய பாதுகாப்பைப் பெறாது என்பதே போர்ச்சட்டமும் ஆகும். ஹோக் சாய்ந்துகொண்டிருந்தபோதும் யு-9ஐ நோக்கிச் சுட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அவரைக் கொலைகாரர் எனல் நியாயமாகாது. ஆயினும் கோட்பாடு கொல்பவனின் மனத்தை மட்டுமே அளக்கிறது. இரக்கமே ஒருவனை அசையாத இலக்காக்கியது என்ற கொடுமைக்கு அதில் இடமில்லை.

உண்மையில் ஆராய வேண்டியது கிரெஸ்ஸியின் தலைவர் எடுத்த முடிவையே. ஆபத்தை அறிந்தே அவர் தம் மாலுமிகளின் உயிரைப் பணயம் வைத்தார். இதன் பின்னர், பெரிய கப்பல்கள் இவ்வாறு நிற்கக் கூடாது என்று பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை ஆணையிட்டது. எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் அந்த ஆணை சரியே. ஆனால் சரியான ஆணையும், கைவிடப்பட்டவர்களுக்குச் செய்யத் தவறிய கடமையை இல்லாமல் ஆக்கிவிடுவதில்லை. இரு கடமைகளும் மெய்யானவையாக இருக்கும்போது, எதைத் தேர்ந்தாலும் மற்றதன் கடன் தீராமல் நிற்கும். இதையே மெய்யியலாளர் அறத்தின் மீதம் என்பர். நின்றவர்களை அறிவிலிகள் என்று பழிப்பவர்கள் இந்த மீதத்தைக் காணத் தவறுகிறார்கள்.

1915 மார்ச் 18 அன்று, டிரெட்நாட் போர்க்கப்பல் மோதியதில் யு-29 நீர்மூழ்கியுடன் வெடிகனும் அவருடைய மாலுமிகள் அனைவரும் மாண்டனர். 27 ஆண்டுகளுக்குப் பின், 1942 செப்டம்பரில், இக்கட்டான அதே நிலை ஜெர்மானியர் பக்கமே வந்தது. லக்கோனியா கப்பலை மூழ்கடித்த யு-156இன் தலைவர் ஹார்டென்ஸ்டைன், நீரில் இருந்தவர்களை மீட்டு, வானொலியில் வெளிப்படையாக உதவி கோரி, செஞ்சிலுவைக் கொடியையும் விரித்திருந்தார்; அந்நிலையில் அமெரிக்க விமானம் ஒன்று அவரைத் தாக்கியது. உடனே ஜெர்மன் நீர்மூழ்கிப் படையின் தளபதி டோனிட்ஸ், இனி மூழ்கும் கப்பல்களிலிருந்து எவரையும் மீட்க முயலக் கூடாது என்று ஆணையிட்டார். எதிரெதிர் அணிகள், 28 ஆண்டுகள் இடைவெளியில், ஏறக்குறைய ஒரே ஆணைக்கு வந்து சேர்ந்தன. இரண்டுக்கும் காரணம், காப்பாற்ற நின்றவர்கள் தாக்கப்பட்டதே.