தோற்கும் கழகத்துக்கு யார் துணை?



முல்லைத்தீவுக் கரையோரப் பங்கு ஒன்றுக்கு, சனிக்கிழமை மாலைத் திருப்பலி நிறைவேற்றச் சென்றிருந்தேன். பூசைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கோவிலுக்குப் பின்னாலுள்ள வெளியில் உதைபந்தாட்டம் நடந்துகொண்டிருந்தது. அவ்வூர்க் கழகத்துக்கு அதுவே அந்தப் பருவத்தின் கடைசிப் போட்டி. தோற்றால் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும். இடைவேளைக்கு முன்னரே மூன்று கோல்கள் வாங்கியாயிற்று. கரையில் நின்ற வாலிபர் பலர் மோட்டார் சைக்கிள்களைத் திருப்பிக்கொண்டு போய்விட்டனர். இடைவேளையின் பின் எண்ணிப் பார்த்தேன். எஞ்சி நின்ற பார்வையாளர் பதினொரு பேர். ஆடிய பிள்ளைகளின் தொகையும் அதுவே.

அவர்களுள் ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டிய முதிய கடற்றொழிலாளி. பந்து தம் ஊர்ப் பிள்ளைகளின் காலுக்கு வந்தபோதெல்லாம் அவர் கைதட்டினார். "ஐயா, இனி வெல்ல வழியில்லையே, ஏன் இன்னும் நிக்கிறியள்?" என்று கேட்டேன். என்னை ஒரு விதமாகப் பார்த்தார். "வெல்லேக்கை நிக்க எத்தினையோ பேர் வருவினம் சுவாமி. இப்பதானே பொடியளுக்கு ஆள் வேணும்" என்றார்.

ஐந்து கோல்களுக்குப் பூச்சியம் என்ற கணக்கில் போட்டி முடிந்தது. நான் பூசைக்குப் போய்விட்டேன். ஆனால் அந்த முதியவரின் விடை என்னை விடவில்லை. அவர் செய்தது ஒரு நற்பண்பா, அல்லது வெறும் பழக்கமா? தோற்கின்ற ஒன்றைப் பற்றி நிற்பதில் ஒழுக்கப் பெறுமதி ஏதும் உண்டா? வாசகரே, இக்கேள்வியை உங்களோடு சேர்ந்து சற்று ஆராய விரும்புகிறேன்.

மறுப்பவர் சொல்வது

முதலில் மறுப்பவரின் வாதத்தை நேர்மையாகக் கேட்போம். உதைபந்தாட்டக் கழகம் ஒரு கொள்கையன்று. அதன் பக்கத்தில் உண்மையோ நீதியோ நிற்பதாகவும் சொல்ல முடியாது. நாம் அவ்வூரில் பிறந்தோம், ஆகவே அக்கழகம் நம்முடையதாயிற்று. அடுத்த ஊரில் பிறந்திருந்தால் அடுத்த கழகத்துக்குக் கைதட்டியிருப்போம். இப்படித் தற்செயலாய் வந்த ஒரு பற்றுக்காக வெய்யிலில் நின்று வருந்துவது அறிவுடைமையா? மேலும், தோற்பவரைத் தொடர்ந்து பாராட்டினால் அவர் திருந்துவது எப்படி? சோம்பலுக்கு நாமே தீனி போடுவதாகாதா?

இவ்வாதத்தில் பாதி உண்மை உண்டு. அதைப் பின்னர் பார்ப்போம். ஆனால் பற்று தற்செயலாய் வந்தது என்பதால் அது பெறுமதியற்றது என்று சொல்லலாமா? நம் தாயை நாம் தெரிந்தெடுக்கவில்லை. பிறந்த ஊரையும் பேசும் மொழியையும் தெரிந்தெடுக்கவில்லை. நமக்கு ஒரு பொருள் எப்படிக் கிடைத்தது என்பது ஒரு கேள்வி. கிடைத்ததை நாம் எப்படி நடத்துகிறோம் என்பது வேறு கேள்வி. ஒழுக்கம் இரண்டாவது கேள்வியைத்தான் கேட்கிறது.

அரிஸ்டோட்டில் நட்பை மூவகையாகப் பிரித்தார். பயனுக்காக வரும் நட்பு, இன்பத்துக்காக வரும் நட்பு, மற்றவரின் நலத்தையே நாடும் நட்பு என்பன அவை. முதலிரண்டும் பயனோ இன்பமோ தீர்ந்தவுடன் தீர்ந்துபோகும். இடைவேளையில் புறப்பட்டுப் போன வாலிபரை நான் குற்றவாளிகளாக்கவில்லை. அவர்கள் வெற்றியைப் பார்க்க வந்தார்கள். வெற்றி அங்கே இல்லை என்று கண்டதும் போனார்கள். ஔவையார் மூதுரையில் காட்டும் நீர்ப்பறவைகளும் இவ்வாறே குளம் வற்றியதும் பறந்துபோகின்றன. குளத்தோடு ஒட்டிக் கிடந்து சேர்ந்தே வாடும் கொட்டியையும் ஆம்பலையுந்தான் அவர் உண்மை உறவு என்கிறார். குளங்களின் நாடாகிய வன்னியில் ஆடி ஆவணியில் வற்றிய குளக்கட்டில் நடந்தவருக்கு அந்த உவமைக்குப் பொழிப்புரை தேவையில்லை.

ஒரு குருவானவர் தொடங்கிய கழகம்

தென் அமெரிக்காவில், ஆர்ஜென்டீனாவின் தலைநகரான புவனஸ் அயர்ஸில், சான் லொறென்சோ என்றொரு கழகம் உண்டு. அதன் கதை நமக்கு மிக அண்மையானது. அல்மாகிறோ என்ற பகுதியில் தெருவில் பந்தடித்துக்கொண்டிருந்த சிறுவன் ஒருவன் டிராம் வண்டியில் அடிபடத் தெரிந்து தப்பினான். அதைக் கண்ட லொறென்சோ மாசா என்ற சலேசிய சபைக் குருவானவர், கோவில் வளவிலேயே விளையாடச் சிறுவர்களை அனுமதித்தார். ஞாயிறு பூசைக்கு வர வேண்டும் என்பது நிபந்தனை. தொன் பொஸ்கோவின் பிள்ளைக்கு வேறெப்படி எண்ணத் தோன்றும்! 1908 ஏப்பிரல் 1 இல் அச்சிறுவர் கூட்டம் கழகமாயிற்று; புனித லோறன்சியாரின் பெயர் அதற்கு வந்தது.

கழகம் வளர்ந்து நாட்டின் ஐந்து பெருங் கழகங்களுள் ஒன்றாயிற்று. பின்னர் கடன் மிகுந்தது, நிர்வாகம் சீர்கெட்டது. இராணுவ ஆட்சி நடந்த 1979 இல் தன் பழம்பெரும் மைதானத்தையும் இழந்தது. பிற்காலத்தில் அந்நிலத்தில் ஒரு பேரங்காடி எழுந்தது. சொந்த நிலத்தை விட்டுப் பிறர் நிலத்தில் ஒண்டி வாழ்வது எப்படியென்பதை வன்னி வாசகருக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2008 ஏப்பிரலில் மடு அன்னையின் திருச்சுரூபமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்ததைக் கண்டவர்கள் நாம்.

1981 ஆகஸ்ட் 15. நாம் இங்கே மடுவில் பரலோக மாதாவின் திருநாளைக் கொண்டாடும் அதே நாள். பருவத்தின் கடைசிப் போட்டியில் சமநிலை கிடைத்தாலே சான் லொறென்சோ தப்பியிருக்கும். தனக்குக் கிடைத்த தண்ட உதையைத் தவறவிட்டது. எதிரணி தனக்குக் கிடைத்த தண்ட உதையைக் கோலாக்கியது. ஒன்றுக்குப் பூச்சியம். பெருங் கழகம் ஐந்தில் கீழ்ப் பிரிவுக்கு இறங்கிய முதற் கழகம் என்ற பெயர் அதற்கு வந்தது.

1982 இல் அது இரண்டாம் பிரிவில் ஆடியது. சொந்த மைதானம் இல்லை. வாரத்துக்கு வாரம் பிறருடைய மைதானங்களில் ஆடியது. ஆனால் மக்கள் விடவில்லை. வெற்றிக் காலத்தில் வராதவர்கூட அப்போது வந்தனர். முதற் பிரிவுக் கழகங்கள் பலவற்றுக்கு வாய்க்காத கூட்டம் அந்த இரண்டாம் பிரிவுக் கழகத்தைச் சூழ்ந்தது. அவ்வாண்டே அது தன் பிரிவில் முதலிடம் பெற்று மேலே ஏறியது.

அந்தக் கழகத்தின் ஆதரவாளருள் ஓர் இயேசு சபைக் குருவும் இருந்தார். ஒன்பது வயதுச் சிறுவனாக 1946 ஆம் ஆண்டின் வெற்றி அணியைப் பார்த்துக் களித்தவர். கழகம் இறங்கியபோது நாற்பத்து நான்கு வயதில் சான் மிகுவேலில் குருமாணவர் கல்லூரி ஒன்றின் அதிபர். ஹோர்கே மரியோ பெர்கோலியோ என்பது அவர் பெயர். 1990 இல் தொலைக்காட்சி பார்ப்பதில்லை என்று மாதாவுக்கு வாக்குக் கொடுத்தவர். அதன்பின் தம் கழகத்தின் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்க்காமலே, முடிவுகளைப் பிறர் சொல்லக் கேட்டு அதைப் பின்பற்றினார். 2015 ஜனவரி 14 இல் மடுத் திருப்பதியில் நம் மத்தியில் நின்று செபித்த பாப்பரசர் பிரான்சிஸ் அவரே. 2025 ஏப்பிரலில் இறைவனடி சேரும்வரை அக்கழகத்தின் அங்கத்தவராகவே இருந்தார்.

பலன் கிடைத்ததாலா?

"பார்த்தீர்களா, விசுவாசத்துக்குப் பலன் கிடைத்தது!" என்று இக்கதையை முடித்துவிடுவது எளிது. அப்படி முடித்தால் நாம் தவறு செய்வோம். 1982 இல் கரையில் நின்றவர்களுக்குக் கழகம் மீண்டும் ஏறுமென்று தெரியாது. இறங்கி மீண்டும் ஏறாத கழகங்கள் உலகில் எத்தனையோ. நான் கண்ட அந்தக் கரையோரக் கழகமும் நாளை ஏறாமல் விடலாம்; பிள்ளைகள் வெளிநாடு போய்க் கழகமே கலைந்தும் விடலாம். அப்படியானால் அந்த முதியவர் நின்றது வீணா?

புனித தோமஸ் அக்குவினாஸ் அன்பை, மற்றவருக்கு நன்மையை விரும்புதல் என்று விளக்கினார். நன்மை ஏற்கெனவே உள்ளவனிடம் நாம் அன்பு கொள்ளும்போது, அவனை விரும்புகிறோமா, அவனிடமுள்ளதை விரும்புகிறோமா என்பது நமக்கே தெளிவில்லை. அவன் இழந்து நிற்கும்போதே அது தெரியவருகிறது. ஆகவே முதியவரின் கைதட்டல் கோல்களின் கணக்கை மாற்றாவிட்டாலும், அப்பிள்ளைகளுக்கு ஒன்றைக் கொடுத்தது. தாங்கள் வென்றால் மட்டும் எண்ணப்படுபவர்கள் அல்லர் என்பதை அவர்கள் கண்ணால் கண்டார்கள். அந்த நன்மை ஐந்தாவது கோலுக்குப் பின்னும் நிலைத்தது.

கத்தோலிக்க மெய்யியலாளர் கபிரியேல் மார்செல், மாறாமல் இருப்பதையும் பிரமாணிக்கமாய் இருப்பதையும் வேறாகக் கண்டார். வீம்புக்காக நிற்பவனும் மாறாமல் நிற்கக் கூடும். அவன் காப்பது தன் பெயரை. பிரமாணிக்கமுள்ளவனோ மற்றவருக்குத் துணையாய் அங்கே பிரசன்னமாயிருக்கிறான். வெளியே பார்த்தால் இருவரும் ஒரே கரையில் நிற்பவரே. உள்ளே உள்ள வேறுபாடு பெரிது.

பற்றுக்கும் எல்லை உண்டு

மறுப்பவரின் வாதத்தில் பாதி உண்மை உண்டு என்றேன். அதற்கு வருவோம். 1994 ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியில் கொலம்பிய வீரர் அந்திரேஸ் எஸ்கோபார் தவறுதலாகத் தம் அணியின் கோலுக்குள்ளேயே பந்தைத் தட்டிவிட்டார். சில நாட்களின் பின், ஜூலை 2 இல், சொந்த ஊரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 2011 இல் ஆர்ஜென்டீனாவின் மற்றொரு பெருங் கழகமான றிவர் பிளேட் கீழிறங்கியபோது, ஆதரவாளர் சிலர் மைதானத்தையே உடைத்தனர். பற்று என்று அவர்கள் அழைத்தது உடைமை வெறி. "நீ எனக்காக வெல்ல வேண்டும், வெல்லாவிட்டால் உன்னை அழிப்பேன்" என்பது அன்பின் பேச்சன்று.

அமெரிக்க மெய்யியலாளர் ஜோசையா றொய்ஸ் 1908 இல், அதாவது சான் லொறென்சோ தொடங்கிய அதே ஆண்டில், பற்றுறுதியைப் பற்றி ஒரு நூல் எழுதினார். தோற்றுப்போன இலட்சியங்களும் மனிதரை உயர்த்தக் கூடும் என்று அதில் காட்டினார். கூடவே ஓர் அளவுகோலும் தந்தார்: என் பற்று மற்றவரின் பற்றை அழிக்குமானால் அது நல்ல பற்றன்று. எதிரணிக்குக் கைதட்டும் அந்தப் பதினொருவரும் தம் ஊரின் மேல் அன்புள்ளவர்களே என்று அறிந்து ஆடுவதே நேரிய ஆட்டம்.

வன்னியில் வாழும் நாம் இந்த எல்லையைப் பற்றி இலேசாகப் பேச முடியாது. இறுதிவரை நில் என்ற சொல்லின் விலை 2009 இல் எவ்வளவாயிற்று என்பதை ஏறக்குறைய ஒவ்வொரு வீடும் அறியும். ஆகவே சொல்கிறேன்: மனிதரைத் தாங்கும் பற்று வேறு, மனிதரைத் தின்னும் பற்று வேறு. தோற்பவர்களோடு நிற்பது கடமையாகலாம். தோல்வியை மறைப்பதற்காகப் பிறர் பிள்ளைகளைக் களத்தில் நிறுத்தி வைப்பது ஒருபோதும் கடமையாகாது.

உண்மையைச் சொல்வதும் பற்றின் ஒரு கூறே. பயிற்சிக்கு வராதவனை வரச் சொல்ல வேண்டும். கணக்குக் காட்டாத பொருளாளரிடம் கணக்குக் கேட்க வேண்டும். இடைவேளையில் போனவன் திட்டிவிட்டுப் போகிறான். நின்றவனே திருத்த உரிமை பெறுகிறான். சான் லொறென்சோவின் மக்கள் இழந்த மைதானத்துக்காகப் பல ஆண்டுகள் ஊர்வலம் போனார்கள், சதுர மீற்றர் கணக்கில் பணம் சேர்த்தார்கள். 2019 இல் அந்நிலம் மீண்டும் கழகத்தின் கைக்கு வந்தது. கைதட்டலோடு நின்றிருந்தால் அது நடந்திராது.

கல்வாரியில் நின்றவர்கள்

ஓசான்னா பாடிய எருசலேம் கூட்டம் பெரிது. கல்வாரியில் சிலுவையடியில் நின்றவர்கள் தாயும், சில பெண்களும், ஒரு சீடனும். அவர்களால் ஓர் ஆணியைக்கூடக் கழற்ற முடியவில்லை. ஆயினும் அவர்கள் நின்றது வீணென்று எந்தக் கிறிஸ்தவன் சொல்வான்? ஓடிப்போன இராயப்பரையும் ஆண்டவர் தள்ளிவிடவில்லை என்பதையும் சேர்த்து நினைப்போம். இடைவேளையில் போனவர்களுக்கும் திரும்பி வர வழி உண்டு.

வாசகரே, நம்மைச் சுற்றிப் பாருங்கள். மீளக் குடியமர்ந்து சில குடும்பங்களே எஞ்சிய பங்குகள் உண்டு. பிள்ளைகள் தொகை குறைந்து தள்ளாடும் பாடசாலைகள் உண்டு. பரீட்சையில் தவறி வீட்டு மூலையில் முடங்கிய மாணவன் உண்டு. பிள்ளைகளெல்லாம் கடல் கடந்த பின் தனித்திருக்கும் தாய் உண்டு. வென்ற பங்கின் திருநாளுக்கும் சித்தியடைந்த பிள்ளையின் பாராட்டு விழாவுக்கும் நாம் தவறுவதில்லை. மற்றவர்களின் கரையில் எத்தனை பேர் நிற்கிறோம்?

அன்று மாலைப் பூசைக்கு அந்த முதியவர் வந்தார். அவருக்குப் பின்னால், சேறு காயாத கால்களோடு, ஆடிய பிள்ளைகளில் ஏழெட்டுப் பேரும் வந்து கடைசி வாங்கில் இருந்தார்கள். மன்றாட்டு வேளையில் அவர் எழுந்து, வரும் ஆண்டும் இந்தப் பிள்ளைகள் விளையாட வேண்டும் என்று மன்றாடினார். வெல்ல வேண்டும் என்று அவர் கேட்கவில்லை.