உழைக்கும் உடல் யாருக்கு உரியது? ஸ்ரீபெரும்புதூரும் இராமானுசர் தத்துவமும்

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஸ்ரீபெரும்புதூர், வைணவ ஆசாரியர் இராமானுசர் அவதரித்த தலம் என்று ஒரு சாராராலும், கார், கைப்பேசி ஆலைகளின் ஊர் என்று மற்றொரு சாராராலும் அறியப்படுகிறது. இவ்விரண்டையும் ஒன்றுக்கொன்று தொடர்பற்ற வரலாறுகளாகவே எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஆயினும் இராமானுசர் தம் நூல்களில் இடைவிடாது வாதிட்ட பொருளும், ஆலைகள் நிறைந்த இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை நாள்தோறும் எழும் பிரச்சினையும் ஒரே கேள்வியில் வந்து சேர்கின்றன: உடல் என்பது எது, அது யாருக்கு உரியது?

தலபுராணம் இவ்வூரைப் பூதபுரி என்கிறது. சிவனின் சாபத்துக்கு ஆளான பூதகணங்கள் அனந்த சரசு என்னும் குளத்தில் நீராடி, கேசவப் பெருமாள் அருளால் மீண்டன என்பது அக்கதை. ஏரிப்பாசனத்தை நம்பிய சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குச் சந்தையாகவும் கோயில் நகரமாகவும் நெடுங்காலம் இருந்த இவ்வூரின் பெயர், 1991 மே 21 அன்று ராஜீவ் காந்தி இங்கே கொல்லப்பட்டபோது உலகெங்கும் ஒலித்தது. அதன்பின் 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கின. 2006இல் நோக்கியா கைப்பேசி ஆலை வந்து 2014இல் கதவடைத்தது. 2010இல் ரெனோ-நிசான் ஆலையும், 2012இல் ஜெர்மனியின் டைம்லர் நிறுவனத்தின் லாரி ஆலையும் ஒரகடத்தில் திறக்கப்பட்டன. விளைநிலம் அரசின் சிப்காட் தொழிற்பேட்டை மனைகளாயிற்று. ஊர்க்காரர்களின் வீடுகள், வேற்று மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, பீகார் போன்ற மாநிலங்களிலிருந்தும் வந்தவர்களுக்கு வாடகை அறைகளாயின.

ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் உள்ள இராமானுசரின் திருவுருவம் 'தானுகந்த திருமேனி' எனப்படுகிறது. அதாவது, அவர் வாழ்ந்தபோதே அவரது ஒப்புதலோடு செய்யப்பட்டு, அவரே தழுவி மகிழ்ந்து அனுப்பிய உருவம் என்பது மரபு. தைப்பூசத்தன்று அது இங்கே எழுந்தருளியது என்றும், சிற்பி உளியால் கண்ணைத் திறந்த வேளையில் திருவரங்கத்தில் இருந்த இராமானுசரின் கண்ணில் வலி கண்டது என்றும் சொல்வார்கள். குளிர்காலத்தில் அத்திருமேனிக்கு வெந்நீரில் திருமஞ்சனம் செய்து, கம்பளி போர்த்துகிறார்கள். குளிரும் பசியும் களைப்பும் உள்ள மெய்யான உடலாகவே அதைப் போற்றும் இவ்வழிபாட்டை வெறும் சடங்கு என்று ஒதுக்குவது தவறு. அதற்குள் ஒரு தத்துவம் முழுமையாக இருக்கிறது.

அந்தத் தத்துவம் இதுதான். உலகம் மாயத்தோற்றம் என்ற கொள்கையை மறுத்த இராமானுசர், அறிவற்ற பொருள்களும் அறிவுள்ள உயிர்களும் உண்மையே என்றும், அவையனைத்தும் இறைவனுக்கு உடல் என்றும் நிறுவினார். இவ்வுறவு சரீர-சரீரி பாவம், அதாவது உடலுக்கும் உடலை உடையவனுக்கும் உள்ள உறவு, எனப்படும். பிரம்மசூத்திரத்துக்கு அவர் இயற்றிய ஸ்ரீபாஷ்யத்தில் உடலுக்கு ஓர் இலக்கணமே வகுத்திருக்கிறார்: ஓர் உயிர் எப்பொருளைத் தன் பயனுக்காக முற்றிலும் தாங்கவும் இயக்கவும் வல்லதோ, எப்பொருள் அவ்வுயிருக்கு உரியதாக இருப்பதையே இயல்பாகக் கொண்டதோ, அப்பொருளே அவ்வுயிரின் உடல். உடலும் உயிரும் பிரித்துவைக்க முடியாதபடி இணைந்திருப்பதை 'அப்ருதக் சித்தி' என்று இம்மரபு குறிக்கிறது.

இந்த இலக்கணத்தை ஆலை வாசலுக்குக் கொண்டுவந்தால் விளைவு தெளிவாகிறது. ஒரு தொழிலாளியின் கைகளை எட்டு மணி நேரம் தன் பயனுக்காக இயக்குகிற நிறுவனம் அவ்வுடலுக்கு உயிராகிவிடுவதில்லை. ஏனெனில் கூலி ஒப்பந்தத்தின் உறவு, ஷிப்ட் முடிந்தால் அறுகிற, கான்ட்ராக்ட் காலம் முடிந்தால் இல்லாமலே போகிற உறவு. அவ்வுடல் ஏற்கெனவே ஓர் உயிருக்கு உரியது. அவ்வுயிரோ இறைவனுக்கு உடல். ஆகவே, தொழிலாளர் விடுதிகளில் ஓர் ஆள் எழுந்த பாயில் அடுத்த ஷிப்ட்காரர் படுக்க வேண்டியிருப்பதும், கெட்டுப்போன சோறு பரிமாறப்படுவதும் தொழிலாளர் சட்டத்தோடு நின்றுவிடும் குற்றங்கள் அல்ல. இராமானுசர் வகுத்த கணக்கில் அவை இறைவனின் திருமேனிக்கு இழைக்கப்படும் பிழைகள். 2021 டிசம்பரில், விடுதி உணவால் தோழிகள் நோயுற்றதைக் கண்ட மின்னணு ஆலைப் பெண்கள் இதே நெடுஞ்சாலையில் அமர்ந்து மறித்தபோது, அவர்கள் அறியாமலே எழுப்பியது அந்தக் கேள்வியைத்தான்.

இதற்கு ஒரு தடை எழுப்பலாம். உயிரின் இயல்பே அடிமையாய் இருப்பது (சேஷத்வம்) என்று போதிக்கும் சமயம், பணிந்து கிடப்பதை அல்லவா கற்பிக்கும் என்பது அத்தடை. தம் மற்றொரு நூலான வேதார்த்த சங்கிரகத்தின் இறுதிப் பகுதியில் இராமானுசரே இதை எடுத்துக்கொள்கிறார். பிறருக்கு ஆட்பட்டிருப்பது துன்பம் என்றும், சேவகம் நாய்ப்பிழைப்பு என்றும் நூல்கள் கூறுகையில் அடிமைத்தனம் எப்படி இன்பமாகும் என்ற வினாவுக்கு, சேவிக்கத் தகாதவரைச் சேவிப்பதையே அந்நூல்கள் பழித்தன என்றும், அனைவரும் சேவிக்கத்தக்கவன் பரமபுருடன் ஒருவனே என்றும் விடை தருகிறார். எனவே சேஷத்வத்தைக் காட்டி முதலாளிக்கு அடங்கச் சொல்வது அவரது போதனையையே தலைகீழாக்குவதாகும்.

அவர் நூல்களில் உள்ள எல்லையையும் மறைக்கக் கூடாது. சூத்திரருக்கு வேதாந்தம் கற்கும் உரிமை இல்லை என்னும் பகுதிக்கு ஸ்ரீபாஷ்யம் பழைய முறையிலேயே உரை சொல்கிறது. அதே வேளையில், பூவிருந்தவல்லியைச் சேர்ந்தவரும் அந்தணர் அல்லாதவருமான திருக்கச்சி நம்பியைக் குருவாகப் பணிந்தவர் என்றே குருபரம்பரை நூல்கள் அவரைக் காட்டுகின்றன. இவ்விரண்டில் எது உடல் பற்றிய அவரது அடிப்படைக் கொள்கைக்கு நெருக்கமானது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை: பிந்தியதே.

ஐரோப்பிய ஆலைத் தொழிலாளரின் நிலையை இறையியல் வினாவாக ஏற்று, 1891இல் போப்பாண்டவர் பதின்மூன்றாம் லியோ 'ரேரும் நோவாரும்' என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். ஸ்ரீவைணவத்தின் கையில் அதைவிடக் கூர்மையான கருவி இருக்கிறது. அதை எடுத்து ஆள்வோர்தாம் வேண்டும். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் குடியிருப்பை அரசு திறந்துவைத்தது. கோயிலிலிருந்து அது வெகுதொலைவில் இல்லை. ஆண்டுதோறும் சித்திரைத் திருவாதிரை உற்சவத்துக்கு இங்கே கூடும் ஆசாரியர்களும் உபந்நியாசகர்களும் சரீர-சரீரி பாவத்தை அந்தப் பெண்களின் ஓய்வு நேரத்தில், அவர்கள் பேசும் தமிழில், அவர்கள் இருப்பிடத்துக்கே சென்று விளக்கவும், அவர்கள் பதிலுக்குக் கேட்பனவற்றுக்குச் செவிகொடுக்கவும் முன்வர வேண்டும்.