அறியாத கருணை போதுமா?

காய்ச்சல் கண்ட குழந்தைக்குப் பாரசிட்டமால் கொடுக்காத இல்லம் அரிது. நாம் நன்கறிந்த அம்மருந்து, குழந்தைகளின் இதய அறுவையிலும் காப்பாக நிற்குமோ என்று அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஆராய்ந்தனர். முடிவு 2014இல் வெளிவந்தது. அஃது அறத்திற்கும் ஒரு வினாவை எழுப்புகின்றது.

முதலில் செய்தியை அறிவோம். இதய அறுவையின்போது இதய-நுரையீரல் இயந்திரமே குருதியை உடலெங்கும் செலுத்துகின்றது. 1953இல் முதன்முதல் மனிதரிடம் வெற்றி கண்ட இவ்வியந்திரம் எண்ணற்ற உயிர்களைக் காத்துள்ளது. எனினும் அதனூடே ஓடுகையில் குருதியின் சிவப்பணுக்கள் சில சிதைகின்றன. வெளிப்படும் ஹீமோகுளோபின் உயிரணுக்களின் கொழுப்பைக் கெடுக்கின்றது, சிறுநீரகமும் ஊறுபடக்கூடும். பாரசிட்டமால் அவ்வேதிவினையைத் தடுக்க வல்லது. மருந்து பெற்ற குழந்தைகளிடம் இக்கேட்டின் அடையாளம் குறைந்திருந்தது. ஆனால் சிறுநீரகம் காக்கப்பட்டது என்று அச்சிறிய ஆய்வு நிறுவவில்லை.

ஒரு சாரார்க்கு மருந்து. மறு சாரார்க்கு மருந்தற்ற போலி. யார்க்கு எது என்பதைக் குலுக்கல் போன்றதொரு முறையே முடிவு செய்தது. நோயுற்ற சேயிடம் இது தகுமா என்று நம் உள்ளம் பதைக்கின்றது. பழகிய மருந்துதானே, அனைவர்க்கும் கொடுத்தால் என்ன என்றும் தோன்றுகின்றது.

சற்று நின்று எண்ணுவோம். காய்ச்சலுக்கு உதவியது இதய அறுவைக்கும் உதவும் என்பது நம் விருப்பமேயன்றி அறிவன்று. அளவு மிஞ்சினால் இம்மருந்தே கல்லீரலைக் கெடுக்கும். நன்மை உறுதியான பின் மறுப்பது கொடுமை. உறுதியாகுமுன் எல்லார்க்கும் புகட்டுவதோ, யாரும் கணக்கு வைக்காத சோதனை.

ஆயினும் வினா தீரவில்லை. ஆய்வுக்கு உள்ளாவோரின் தன்விருப்பமான இசைவு இன்றியமையாதது என்றது 1947ஆம் ஆண்டின் நூரெம்பர்க் நெறி. குழந்தை அவ்வாறு இசைய இயலாது. 1964ஆம் ஆண்டின் ஹெல்சிங்கி அறிக்கை, அத்தகையோர்க்காகக் காப்பாளரின் இசைவை ஏற்றது. ஆனால் மகவை அறுவைக்கு அனுப்பக் காத்திருக்கும் தாய், மருத்துவர் நீட்டும் தாளில் ஒப்பமிட மறுக்கத் துணிவாளா? மறுத்தால் கவனிப்புக் குறையுமோ என்று அஞ்சமாட்டாளா?

ஆதலின் அறம் ஒப்பத்தோடு நிறைவுறுவதில்லை என்போம். "உங்கள் குழந்தைக்குப் பயன் இல்லாமலும் போகலாம், மறுத்தாலும் எங்கள் பரிவு குறையாது" என்று மருத்துவர் மெய்யாகச் சொல்லவேண்டும், தாயும் அதை நம்பும்படி நடக்கவேண்டும். பிற குழந்தைகளின் நலனுக்கு இக்குழந்தை கருவியாகிவிடலாகாது. ஆய்வால் நேரும் இடர் மிகச் சிறிதாக இருத்தல் வேண்டும். இவை அமைந்தால் அவ்வாய்வு கருணைக்குப் பகையன்று. அறியாமல் செய்யும் நன்மையிலும் ஊறு ஒளிந்திருக்கலாம் என்று அஞ்சுவதும் கருணையே.