பேணுதலும் உடைமையும்: ஈப்புலியை முன்வைத்து ஓர் அறவினா

வீட்டுப் பிராணி என்றதும் நாயும் பூனையும் கிளியுமே நம் நினைவிற்கு வருகின்றன. ஆயின், அண்மைக் காலத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பாயும் சிலந்திகளைக் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்து, பெயருஞ் சூட்டிப் பேணும் வழக்கம் பரவியுள்ளது. அச்சிலந்தியின் உறவினங்கள் யாழ்ப்பாணத்து வீடுகளுக்குப் புதியனவல்ல. விறாந்தைச் சுவரிலும் யன்னற் சட்டத்திலும் அவற்றை நாம் நாள்தோறும் காண்கின்றோம். வலை பின்னிக் காத்திராது, பதுங்கிப் பாய்ந்து ஈயைப் பற்றும் இயல்பு நோக்கித் தமிழர் இச்சிற்றுயிரை ஈப்புலி என்றனர். இதனைப் பெட்டியுள் வைத்து வளர்த்தல் முறையாகுமா என்ற கேள்வி மேலோட்டமாக நோக்குவார்க்கு மிகச் சிறியதாகத் தோன்றலாம். எனினும், பிறிதோர் உயிரைப் பேணுதல் என்பதன் பொருள் யாது என்ற பெருவினா அதனுள் அடங்கியிருக்கின்றது.

பாயும் சிலந்திகளுள் ஆறாயிரத்திற்கு மேற்பட்ட இனங்கள் இதுவரை விவரிக்கப்பட்டுள்ளன. இவற்றின் எட்டுக் கண்களுள் முன்னிரண்டும் பெரியன, கூர்மையான பார்வையுடையன. நாம் விரலை அசைத்தால், ஈப்புலி உடலைத் திருப்பி நம்மை நேரே நோக்கும். இலங்கையிலும் வாழும் போர்சியா என்ற பேரினத்தைச் சேர்ந்த சிலந்திகள், இரையை நேரே அணுக இயலாதவிடத்துச் சுற்றுவழியைத் தெரிந்து செல்வதை 1990களில் நியூசிலாந்து ஆய்வாளர் சோதனைகளாற் காட்டினர். உறங்கும் இளஞ்சிலந்தியின் விழிக்குழல்கள், கனவுறக்கத்தில் மனிதர் விழிகள் அசைவதை ஒப்ப அசைகின்றன என்று 2022ஆம் ஆண்டில் ஜேர்மனியிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. சிலந்தி கனவு காண்கின்றது எனத் துணிந்து கூற இவை இடந்தாரா. ஆயினும், அதனை வெறும் பொறியென்று ஒதுக்குதலும் இனி எளிதன்று.

வளர்ப்போர் கூறும் நியாயங்களைப் புறக்கணித்தல் ஆகாது. ஈப்புலிக்கு வேண்டும் இடம் சிறிது. உணவோ ஒருசில பூச்சிகளும் சிறுதுளி நீருமே. பெட்டியுள் அதற்குப் பல்லியால் ஆபத்தில்லை, துடைப்பத்தால் அழிவில்லை, பசியுமில்லை. சிலந்தியைக் கண்டு அஞ்சிய பிள்ளை, அதனை அருகிருந்து பார்த்துப் பார்த்து அச்சம் நீங்கி அன்பும் கொள்கின்றது. முன்னொரு காலத்திற் சிங்கப்பூர்ச் சிறுவர் ஆண் சிலந்திகளைத் தீப்பெட்டிகளில் அடைத்துவைத்துச் சண்டைக்கு விட்டனர். அவ்விளையாட்டோடு ஒப்பிடுங்கால், இன்று வளர்ப்போரின் பரிவு எவ்வளவோ மேம்பட்டதெனலாம். அவ்வாறாயின், உணவும் காவலும் நல்கப்பெற்ற ஓருயிர்க்கு இழப்புத்தான் யாது?

இவ்வினாவிற்கு விடையாக நம் வீட்டுச் சுவரிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மண்கூடு கட்டும் குளவியை நாம் அறிவோம். அது கூடு கட்டினால் அவ்வீட்டிற் குழந்தை பிறக்கும் என்று மகிழ்வாரும் உளர். அக்கூட்டை உடைத்துப் பார்த்தால் உள்ளே சிலந்திகள் நிறைந்திருக்கும். குளவி அவற்றைக் கொல்வதில்லை. கொட்டி அசைவற்றனவாக்கி, தன் குஞ்சுக்குப் புத்துணவாகும் பொருட்டு உயிருடன் வைத்து வாயிலை அடைத்துவிடுகின்றது. மழையும் வெயிலும் பகையும் அணுகாத அறை அது. ஆயினும், அதனை எவரும் சிலந்தியின் நலத்திற்காக அமைந்த அறை என்று சொல்லார். காவல் என்பது, காக்கப்படுவதன் பொருட்டு அமைந்ததா, காப்பவரின் பொருட்டு அமைந்ததா என்பதே ஈண்டு எழும் அறவினா.

குளவிக்கு இதில் அறமுமில்லை, மறமுமில்லை. அது தன் இயல்பின்படி வாழ்கின்றது. மனிதனோ தெரிவு செய்ய வல்லவன். உணவும் பாதுகாப்பும் இருந்தால் வேறென்ன வேண்டும் என்ற வாதத்தின் குறையை எம் மக்கள் நூல்வழி அறிந்தாரல்லர். 2009ஆம் ஆண்டிற் செட்டிகுளத்து முகாம்களில், வெளியே சென்றுவரும் உரிமையின்றி மாதக்கணக்காகத் தங்கவைக்கப்பட்டோர் பல்லாயிரவர். அவர்தம் துயரையும் ஒரு சிலந்தியின் நிலையையும் ஒருதட்டில் வைத்தல் தகாது. ஆயினும், வேலிக்கு உள்ளிருப்போரின் நலத்தை வேலிக்கு வெளியே நிற்பவர் மட்டும் அளந்து கூறுவது எத்துணை எளிது, எத்துணைப் பிழையுடையது என்பதை நாம் மறத்தலாகாது. மனிதர் முறையிட்டனர், சிலந்திக்கு முறையிட வாயில்லை. அதன் மௌனத்தைச் சம்மதம் என்று கொள்ளுதல் நமக்கு வசதியானது, நியாயமானதன்று.

திருவானைக்காப் புராண வரலாறும் இவ்விடத்து நினையத்தக்கது. இறைவன் திருமேனிமேற் சருகு விழாதவாறு சிலந்தி வலைப்பந்தர் இட்டது. அதனை அழுக்கென்று கருதி யானை அகற்றியது. அச்சிலந்தியே பின்னர்க் கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது என்பது சைவ மரபு. யானையின் பத்தியிற் குறையில்லை; மற்றதன் செயலுக்கு உள்ள பொருளை அது அறியாமையே குறை. அன்பு மட்டும் போதாது. அன்பு செய்யப்படும் உயிரின் வாழ்வை அவ்வுயிரின் நிலையில் நின்று அறியும் முயற்சியும் வேண்டும் என்பதை இக்கதை உணர்த்துகின்றது. ஈப்புலி நம்மைத் திரும்பிப் பார்க்கும்போது அது நம்மை நேசிக்கின்றது என்று எண்ணி நெகிழ்கின்றோம். அதன் பார்வை, வருவது இரையா பகையா என்று ஆராயும் பார்வையாகவும் இருக்கலாம்.

விருப்பம் வணிகமாகும்பொழுது தீங்கு மேலும் பெருகுகின்றது. எம் குடாநாட்டிற்குத் தெற்கே மாங்குளத்திற் கண்டறியப்பட்டு, 2012இற் புதிய இனமென அறிவிக்கப்பட்ட பெருஞ்சிலந்தி, முதிர்ந்த மரங்கள் அருகியமையாற் பழைய கட்டடங்களிலும் புகலடைந்தது. அது சார்ந்த பேரினச் சிலந்திகளை அழகின் பொருட்டு வாங்கி வளர்ப்போர் வெளிநாடுகளிற் பலர். ஆகவே, 2019இல் அப்பேரினம் முழுவதும் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. அழிப்பவன் பகைவனாக மட்டுமே இருப்பான் என்பதில்லை, விரும்புகின்றவனும் அழிக்கக்கூடும்.

எனவே, வளர்ப்போர் அனைவரும் கொடியவர் என்பது என் முடிபன்று. பெட்டியிலே பிறந்த அயல்நாட்டுச் சிலந்தியை வெளியே விடுதலும் தவறே; அதனை இறுதிவரை பேணுதல் ஏற்றவர் கடன். ஆனால், நம் சுவரில் வாழும் ஈப்புலிக்குப் பெட்டி வேண்டியதில்லை, வீடே போதும். கண்டவிடத்து நச்சுமருந்து தெளியாமை, ஒட்டடை அடிக்குமுன் ஒருகணம் பார்த்தல், நசுக்காது ஒரு கடதாசியில் ஏந்தி முற்றத்து வேலியில் விடுதல், பிள்ளைக்குக் காட்டவேண்டிப் போத்தலுள் இட்டாலும் சற்று நேரத்தில் விடுவித்தல் ஆகிய இவை எளிய செயல்கள். இவற்றைச் செய்பவரை எவரும் சிலந்தி வளர்ப்பவர் என்று அழையார். எனினும், தமக்கென ஒன்றும் வைத்துக்கொள்ளாது பிறவுயிர்க்கு இடங்கொடுக்கும் அவரே பேணுதலின் பொருளை உணர்ந்தவர் ஆவர்.