அழுவது விசுவாசக் குறைவா?

பிறந்தவர் இறப்பர் என்பதை அறியாதவர் எவரும் இலர். திருக்குறளின் நிலையாமை அதிகாரத்தை ஆண்டுதோறும் வகுப்பில் விளக்கும் தமிழாசிரியர் அதனை மற்றவரினும் நன்கு அறிவார். ஆயினும், தம் இல்லத்தில் ஒருவர் அமரும் நாற்காலி வெறுமையாகும் நாளில் அவ்வறிவு அவருக்குக் கைகொடுப்பதில்லை. அறிவு வேறு, ஆறுதல் வேறு. கிறிஸ்தவ சமயம் தன் அடியார்க்கு, இறந்தவர் இறைவனிடத்தில் வாழ்கின்றனர், மீண்டும் அவர்களைக் காண்போம் என்னும் நம்பிக்கையை அளிக்கிறது. அந்நம்பிக்கை உடையாரைத் தேற்றி வந்திருப்பதை நாம் கண்கூடாகக் காண்கிறோம். இங்கு எழும் வினா வேறொன்று. அத்தகைய நம்பிக்கை உடையவர் அழலாமா?

இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. கிறிஸ்தவக் குடும்பமொன்றின் துக்க வீட்டுக்குச் சென்றவர்கள் இதனைக் கேட்டிருப்பர். “அழாதீர்கள் அம்மா, அவர் ஆண்டவரிடம் சேர்ந்துவிட்டார். நீங்களே இப்படி அழுதால் உங்கள் விசுவாசம் என்னாவது?” என்று தேற்றுகின்றனர். சொல்பவர் நல்ல உள்ளத்தோடுதான் சொல்கின்றனர். கேட்கும் பெண்ணின் நிலையை எண்ணிப் பாருங்கள். கணவனை இழந்த துயர் ஒருபுறம். அழுவதால் தான் இறைவனை நம்பாதவள் ஆகிவிட்டோமோ என்னும் அச்சம் மறுபுறம். ஒரு சுமையை இறக்க வந்தவர்கள் மற்றொன்றை ஏற்றி வைத்துவிட்டுச் செல்கின்றனர். இது அறமாகுமா?

இவ்விரு சுமைகளையும் ஒருசேரத் தாங்கிய ஒருவர் அதனை விரிவாக எழுதி வைத்துள்ளார். அவர்தாம் திருச்சபையின் பேரறிஞர்களுள் ஒருவராகிய அகஸ்தீனார். 387ஆம் ஆண்டு உயிர்த்தெழுந்த திருநாளின்போது மிலான் நகரில் அவர் திருமுழுக்குப் பெற்றார். அந்த ஒரு நாளுக்காகவே பல்லாண்டுகள் கண்ணீர் விட்டு வேண்டியவர் அவருடைய தாய் மோனிக்கா. அதே ஆண்டில், ஆப்பிரிக்காவுக்குத் திரும்பக் கப்பலை எதிர்நோக்கி ஒஸ்தியா என்னும் துறைமுக நகரில் தங்கியிருந்தபோது மோனிக்கா காய்ச்சலுற்று, ஒன்பதாம் நாள் இறந்தார். தாய்க்கு வயது 56, மகனுக்கு 33. தாயின் கண்களை மூடிய அகஸ்தீனார் பொங்கி வந்த கண்ணீரை மன வலிமையால் தடுத்துக்கொண்டார். அவருடைய இளமகன் வாய்விட்டு அலறினான். சூழ இருந்தோர் அவனை அடக்கினர். இறந்தவர் கெட்டழிந்தார் என்று கருதுவோர்க்கே புலம்பல் தகும், நற்கதி அடைந்த இவருக்குத் தகாது என்பது அவர்கள் கூறிய காரணம். அடக்கத்தின்போதும் அவர் அழவில்லை. நீராடினால் துயர் நீங்கும் என்று கேள்விப்பட்டு நீராடச் சென்றார், சென்றவாறே திரும்பினார். சாவு வீட்டிலிருந்து வந்து தலைமுழுகும் வழக்கமுடைய நமக்கு இது நன்றாகவே விளங்கும். உறங்கி எழுந்தபின், தனிமையில் தாயின் அன்பும் பேச்சும் நினைவில் திரும்ப, தடுத்து வைத்த கண்ணீரை ஓடவிட்டார். ஒரு மணி நேரத்தின் சிறு பகுதியளவு அழுததாக அவரே கணக்குச் சொல்கிறார். ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குப் பின், ஆயர் பொறுப்பிலிருந்தபோது, தம் தன்வரலாற்று நூலில் இதனை எழுதி, இது பாவமென்று எண்ணுவோர் என்னை எள்ளி நகையாட வேண்டா என்று வேண்டிக்கொள்கிறார்.

தனக்காக வாழ்நாளெல்லாம் அழுத தாய்க்காகச் சிறிது நேரம் அழுததற்கு ஒரு மகன் மன்னிப்புக் கோர வேண்டியிருந்தது! உணர்ச்சியை வெல்வதே அறிவுடைமை என்ற உரோமானியத் தத்துவத்தின் தாக்கம் அவரிடம் அப்போது மிகுதியாக இருந்தது என்பது என் கருத்து. அவர் கண்ணீரைத் தடுத்தது நற்செய்தி நூல் அன்று.

நற்செய்தி நூல் கூறுவதைப் பார்ப்போம். யோவான் எழுதியதன் பதினோராம் அதிகாரத்தில் லாசரு இறக்கிறான். அவனை எழுப்பவே தாம் செல்வதாக இயேசு முன்னரே சீடர்களிடம் கூறிவிடுகிறார். அவர் வந்து சேரும்போது அவன் கல்லறையில் வைக்கப்பட்டு நான்கு நாள் ஆகிவிட்டது. தமக்கையர் மார்த்தாள், மரியாள் இருவரும் தனித்தனியே வந்து ஒரே குறையைச் சொல்கின்றனர்: நீர் இங்கிருந்திருந்தால் அவன் இறந்திருக்க மாட்டானே என்பது அது. அந்தக் குறைக்காக அவர் இருவரையும் கடிந்துகொள்ளவில்லை. மரியாள் அழக் கண்டு தாமும் கண்ணீர் விடுகிறார். இன்னும் சிறிது நேரத்தில் இறந்தவன் எழுந்து வருவான் என்பதை அறிந்தவர் அழுகிறார். அழுகை விசுவாசக் குறைவு என்றால், அக்குறையை முதலில் யாரிடம் காண்பது?

பவுல் தெசலோனிக்கேயர்க்கு எழுதிய முதல் மடலில், நம்பிக்கையற்றவரைப் போலத் துக்கம் கொள்ளலாகாது என்ற கருத்தை வைக்கிறார். துக்க வீட்டில் பெரும்பாலும் இவ்விடமே எடுத்தாளப்படுகிறது. இலக்கணம் பயிற்றுவோர் இதனைச் சற்று நின்று நோக்கலாம். துக்கம் என்னும் வினையை அவர் விலக்கவில்லை. “போல” என்பது குறிக்கும் தன்மையைத்தான் விலக்குகிறார். அப்பவுல் எபேசு நகரத்து மூப்பர்களிடம் மிலேத்துவில் விடைபெற்றதைத் திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. இனித் தம் முகத்தைக் காணமாட்டார்கள் என்று அவர் சொன்னதும், அனைவரும் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுது, கப்பல்வரை வழியனுப்பினர். அவரும் அதனைத் தடுக்கவில்லை. நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பலேறி இத்தீபகற்பத்துக்கு வந்தோரின் பிள்ளைகளாகிய நமக்கு அக்கடற்கரைக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அழுகைக்கு இடமுண்டு எனில், அச்சமயம் தரும் ஆறுதல்தான் எது? வலியை மறைக்கும் மயக்க மருந்தைத்தான் ஆறுதல் என்கிறார்கள் என்று ஐயுறுவோர் உளர். ஆங்கில எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் 1940இல் துன்பம் என்னும் சிக்கலைப் பற்றித் தெளிந்த அறிவோடு ஒரு நூல் எழுதினார். 1960இல் மனைவி புற்றுநோயால் இறந்தபின் அவர் எழுதியது வேறு வகை நூல். இறைவனை நாடியபோது கதவு அடைபட்டதாகவே உணர்ந்ததை அதில் மறைக்கவில்லை. 1961இல் புனைபெயரில் அது வெளிவந்தபோது, எழுதியவர் அவரே என்பதறியாமல், ஆறுதலாக இருக்கும் படியுங்கள் என்று நண்பர்கள் சிலர் அவருக்கே அதனைப் பரிந்துரைத்தனர்! விசுவாசத்தை அவர் கைவிடவுமில்லை. மயக்க மருந்து உண்டவர் எழுதும் நூலன்று அது.

தமிழ் மாணவர்க்கு இதனை விளக்க நம் இலக்கியத்திலேயே ஓர் ஒப்புமை கிடைக்கிறது. புறநானூற்றில் கையறுநிலைப் பாடல்கள் பல உள்ளன. ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் மறைந்தபோது, குடவாயிற் கீரத்தனார் மலர்ந்திருக்கும் முல்லையை விளித்துத் தம் துயரைக் கொட்டினார். உலகில் எந்த மொழியிலும் இதற்கு ஈடான இரங்கல் அரிது. ஆனால் முல்லை மறுமொழி கூறாது. கூறாது என்பது புலவர்க்கும் தெரியும். கையற்ற நிலை என்னும் பெயரே அதனைச் சொல்லிவிடுகிறது. விவிலியத்தின் சங்கீதங்களும் புலம்பல்களால் நிறைந்தவையே. எண்பத்தெட்டாம் சங்கீதம் இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. எனினும், அப்புலம்பல் கேட்பவர் ஒருவரை நோக்கியது. ஏன் கைவிட்டாய் என்று வினவுவதற்கும் எதிரே ஒருவர் வேண்டும் அன்றோ? சிலுவையில் இயேசு கூவியதும் இருபத்திரண்டாம் சங்கீதத்தின் அத்தொடக்க வினாவையே.

யோபுவின் நண்பர்கள் இவ்வுண்மையை ஏழு நாள் அறிந்திருந்தனர். பேசாமல் அவனோடு தரையில் அமர்ந்திருந்தனர். வாய் திறந்து காரணங்களை அடுக்கத் தொடங்கியதும் கெட்டது. முடிவில் இறைவன் கடிந்துகொண்டது நண்பர்களையே. இறைவனோடு வழக்காடிய யோபுவை அன்று. ஜான் பனியனின் கதையில் பயணி மரண ஆற்றில் அமிழத் தொடங்குகையில், உடன் வந்தவன் அவன் தலையைத் தாங்கிப் பிடிக்கிறான். ஏன் அமிழ்கிறாய் என்று பழிப்பதில்லை. எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் காப்பியமாகத் தமிழுக்குத் தந்தது அக்கதையைத்தான்.

மோனிக்காவைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டேன். தாய்நாட்டில் கணவர் கல்லறைக்கருகே தமக்கும் ஓரிடத்தை நெடுங்காலம் அவர் அமைத்து வைத்திருந்தார். இறக்கும் தறுவாயில் அவ்விருப்பத்தைக் கைவிட்டு, இவ்வுடலை எங்கேனும் புதையுங்கள், இறைவனுடைய பலிபீடத்தில் மட்டும் என்னை நினையுங்கள் என்றார். கடல் கடந்த மண்ணில் கிடப்பது அச்சமாக இல்லையா என்று வினவியவர்களிடம், இறைவனுக்கு எதுவும் தொலைவில்லை என்று கூறினார். அவரை அடக்கிய ஒஸ்தியாவில் 1945ஆம் ஆண்டு மண்ணைத் தோண்டியபோது, அவருடைய கல்லறைக் கல்வெட்டின் உடைந்த துண்டொன்று கிடைத்தது.