பணம் கொடுத்த படத்தில் யார் பெயர்?

வீட்டில் பெரியவர் ஒருவர் இறந்துவிட்டால், முதல் ஒரு மணி நேரத்துக்குள் எழும் கேள்விகளில் ஒன்று, "நல்ல போட்டோ இருக்கா?" என்பது. ஆதார் அட்டைப் படம் உதவாது. யாராவது ஒருவர் போனில் தேடி, பேத்தி கல்யாணத்தில் அவர் பட்டுச் சட்டையோடு சிரித்துக்கொண்டு நிற்கும் படத்தை எடுத்துக் கொடுப்பார். முகத்தையும் தோளையும் மட்டும் வெட்டி எடுத்துப் பெரிதாக்கினால், குறுக்கே வெள்ளை எழுத்தில் ஒரு ஸ்டுடியோவின் பெயர், கீழே கைப்பேசி எண். கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்கும் ஃப்ளெக்ஸ் கடைக்காரர் அதை ஃபோட்டோஷாப்பில் அழித்துப் பார்ப்பார். சட்டையின் மேல் இருந்தால் சுலபம். கன்னத்தின் மேல் இருந்தால் தோல் மழுங்கி ஆளே வேறு மாதிரி ஆகிவிடுவார். அந்தக் கல்யாணத்துக்குப் பேசிய தொகையில் ஒரு ரூபாய் பாக்கி வைக்காமல் அந்தக் குடும்பம் எப்போதோ கொடுத்து முடித்திருக்கும்.

வாடிக்கையாளரின் படத்தில் புகைப்படக்காரர் வாட்டர்மார்க் போடலாமா என்பதை இந்த இடத்திலிருந்து யோசிப்பதே பொருத்தம். எடுத்த நாளின் தேவை முடிந்த பிறகும் படம் வாழ்கிறது. அது எங்கெல்லாம் போய்ச் சேரும் என்பது எடுத்தவருக்கும் தெரியாது, எடுக்கச் சொன்னவருக்கும் தெரியாது.

புகைப்படக்காரரின் தரப்பு வலுவானது. அதை அரைகுறையாகக் கேட்கக் கூடாது. கல்யாணச் செலவில் கடைசியாகப் பணம் பார்ப்பவர் பெரும்பாலும் அவர்தான். மண்டபத்துக்கு முன்பணம் கட்டாமல் தேதியே கிடைக்காது. சமையல்காரருக்குப் பந்தி முடிந்த கையோடு கணக்கு முடிந்துவிடும். இவருக்கோ அட்வான்ஸ் கொஞ்சம், கல்யாணத்தன்று கொஞ்சம், மீதி ஆல்பம் கொடுக்கும்போது. அந்த ஆல்பம் உருவாக வேண்டுமானால், ஆயிரக்கணக்கான படங்களிலிருந்து வீட்டார் செலக்‌ஷன் செய்து தர வேண்டும். பெண் வீட்டார் தேர்ந்தெடுத்ததை மாப்பிள்ளை வீட்டார் மாற்றுவார்கள், மாதங்கள் ஓடும். அதற்குள் இவர் ராத்திரி விழித்துக் கலர் கரெக்‌ஷன் செய்திருப்பார், டிசைனருக்கும் கேமராவை வாடகைக்குக் கொடுத்தவருக்கும் கைக்காசைக் கொடுத்திருப்பார். பார்ப்பதற்கு அனுப்பிய மாதிரிப் படங்களை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டதோடு ஆசை தீர்ந்துபோன வீட்டார், ஆல்பத்தை மறந்தே விடுவதும் உண்டு. மீதிப் பணமும் அதோடு நின்றுவிடும். சொந்தக்காரர் வழியாக வந்த வேலையென்றால் கறாராகக் கேட்கவும் முடியாது.

ஆகவே, மாதிரிப் படத்தில் வாட்டர்மார்க் போடுவது முழு நியாயம். ஓரத்தில் ஒதுக்கியும் போட வேண்டாம், நெற்றிக்கு நேராகவே போடலாம். கூலி கைக்கு வராத உழைப்புக்கு அது காவல். அதைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள், பாக்கியைத் தீர்த்துவிட்டுச் சுளிக்கட்டும்.

சிக்கல், பணம் வந்து சேர்ந்த பிறகுதான் தொடங்குகிறது. காவல் வேலை முடிந்துவிட்டது. அதன் பிறகும் முத்திரை இருக்கிறதென்றால், எடுத்தவர் இன்னார் என்று சொல்வதற்காக இருக்கலாம், அடுத்த வாடிக்கையாளரை அழைப்பதற்காக இருக்கலாம். ஒன்று மரியாதை, மற்றது வியாபாரம். இரண்டையும் ஒரே எழுத்தில் குழைத்துவிடுவதால், வியாபாரத்தை ஆட்சேபிப்பவர் கலைஞரை அவமதிப்பவராகத் தெரிகிறார்.

சட்டம் இதை ஓரளவு பிரித்தே பார்க்கிறது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, படத்தின் ஆசிரியர் அதை எடுத்தவர். ஆனால் ஒருவர் கேட்டுக்கொண்டு, அவரிடம் பணம் பெற்று எடுத்த படமென்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை அதன் முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவரே என்கிறது 17ஆம் பிரிவு. அமெரிக்காவில் பொதுவாக எடுத்தவரிடமே உரிமை நிற்கும். அங்குள்ளவர்களின் வீடியோக்களைப் பார்த்துத் தொழில் கற்றவர்கள் அதையே இங்கும் சட்டம் என்று நம்பிவிடுகிறார்கள். அதே இந்தியச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, உரிமை கைமாறினாலும் 'இது என் படைப்பு' என்று சொல்லிக்கொள்ளும் உரிமையைப் படைத்தவரிடமே விட்டுவைக்கிறது. டெல்லி விஞ்ஞான் பவன் சுவரிலிருந்து பெயர்க்கப்பட்டுச் சிதைந்துபோன தன் வெண்கலச் சிற்பத்துக்காக அமர்நாத் சேகல் போராடியபோது, 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது இந்தப் பிரிவின் பலத்தில்தான். 2012இல் சேர்த்த திருத்தம் ஒன்று, படைப்போடு சேர்ந்திருக்கும் ஆசிரியர் பெயர் போன்ற தகவலை அனுமதியின்றித் தெரிந்தே நீக்குவதை, இரண்டு ஆண்டு வரை சிறைக்குரிய குற்றமாக்கியது. சொத்து குடும்பத்துடையது, பெயர் புகைப்படக்காரருடையது. இரண்டுமே மெய்.

ஆனால் பெயருக்கு உள்ள உரிமை, முகத்தின் மேல் எழுதும் உரிமை ஆகிவிடாது. பழைய ஸ்டுடியோக்களுக்கு இது தெரிந்திருந்தது. படத்தை ஒட்டிய கனத்த அட்டையின் கீழ் ஓரத்தில், மை இல்லாமல் அழுத்திய புடைப்பெழுத்தில் கடையின் பெயர் இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். பள்ளிக்கூட குரூப் போட்டோவில் படத்துக்கு வெளியே, ஆசிரியர் பெயர்களுக்கும் கீழே இருக்கும். ஐம்பது வருடம் கழித்து எடுத்துப் பார்த்தாலும் யார் எடுத்தது என்று தெரிந்துவிடும், ஒருவர் முகமும் மறைந்திருக்காது. இன்று அந்த அட்டை போய்விட்டது, பெயர் உள்ளே இறங்கிவிட்டது. கோயில் டியூப் லைட்டில் உபயதாரர் பெயரை எழுதி எழுதி வெளிச்சத்தையே மறைத்துவிடுவது போலத்தான் இதுவும்.

ஓவியர் தன் ஓவியத்துக்குள்ளேயே கையெழுத்துப் போடுகிறாரே என்று கேட்கலாம். போடுகிறார். வாங்குபவர் அந்தக் கையெழுத்துக்காகவே வாங்குவதும் உண்டு. கல்யாணப் படமோ காதுகுத்துப் படமோ அப்படி இல்லை. அதில் பொருளாக நிற்பவரே அதற்குக் காசு கொடுப்பவர். அவர் பார்க்க விரும்புவது தன் அம்மாவின் கண்ணீரை, கையெழுத்தை அல்ல.

விளம்பரம் என்ற பக்கத்தை இன்னும் கண்டிப்போடு பார்க்க வேண்டும். 1888இல் இங்கிலாந்தில் பொல்லார்டு என்ற பெண்மணி ஸ்டுடியோவில் படம் எடுத்துக்கொண்டார். ஸ்டுடியோக்காரர் அந்தப் படத்தை வைத்துக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை தயாரித்துக் கடையில் காட்சிக்கு வைத்தார். நெகட்டிவ் அவரிடம்தான் இருந்தது. ஆனாலும் நீதிமன்றம் தடுத்தது: எடுக்கச் சொன்னவருக்குக் கொடுக்கத்தான் எடுத்தாய், நம்பி உட்கார்ந்தவரின் முகத்தை வேறெதற்கும் எடுத்தாள முடியாது. பின்னாளில், 1988இல், பிரிட்டன் பதிப்புரிமையை எடுத்தவர் கைக்கு மாற்றியபோதுகூட, குடும்பத் தேவைக்காக எடுக்கச் சொன்ன படங்களை ஊருக்குக் காட்டாமலிருக்கும் உரிமையை எடுக்கச் சொன்னவரிடமே வைத்தது. கைப்பேசி எண்ணோடு முத்திரை குத்திய படம், குடும்பம் அதைப் பகிரும் ஒவ்வொரு முறையும் அவர்களையே விளம்பரப் பலகை தூக்க வைக்கிறது. கேட்டுக்கொண்டு செய்தால் உதவி. கேட்காமல் செய்தால் சுரண்டல் என்றுதான் சொல்ல வேண்டும்.

பெயரைக் கோப்புக்குள் மறைவாக எழுதிவைக்கலாமே என்றால், வாட்ஸ்அப்பில் ஒருமுறை அனுப்பியதும் அது உதிர்ந்துவிடுகிறது. மேக்கப் கலைஞரும் மண்டபக்காரரும் அலங்காரம் செய்தவரும் அதே படத்தைத் தங்கள் பக்கத்தில் போட்டு ஆர்டர் பிடிக்கிறார்கள், எடுத்தவர் பெயர் எங்கும் இல்லை. இந்த வலி உண்மையானது. முத்திரையால் அது தீரவில்லை. ஒரே வடிவ முத்திரை பல படங்களில் திரும்பத் திரும்ப வந்தால், கணினியே அதைக் கண்டுபிடித்துச் சுத்தமாக நீக்கிவிடும் என்று கூகுள் ஆய்வாளர்கள் 2017இலேயே காட்டிவிட்டார்கள். தீர்வு வாடிக்கையாளரின் கையில் இருக்கிறது: பொதுவெளியில் படத்தைப் போடும்போது எடுத்தவர் பெயரை எழுதுவது, அவரைக் கேட்காமல் மற்ற கடைகளுக்குப் படத்தைத் தூக்கிக் கொடுக்காமல் இருப்பது. முத்திரை வேண்டாம் என்று கேட்கும் குடும்பத்துக்கு இது கடமை. அதைச் செய்யாமல் முத்திரையை மட்டும் குறை சொல்வது நேர்மையில்லை.

முத்திரையில் இருப்பது யார் பெயர் என்பதையும் கேட்டாக வேண்டும். ஒரே முகூர்த்த நாளில் பல கல்யாணங்களுக்கு ஒப்புக்கொள்ளும் ஸ்டுடியோ, நாள் கூலிக்கு ஆள் அனுப்புகிறது. தாலி கட்டும் நொடியில், மேடை ஓரத்தில் மண்டியிட்டு, புகை கண்ணைக் கரிக்க அந்தப் படத்தை எடுத்த இளைஞரின் பெயர் அதில் எங்கும் இல்லை. சட்டம் ஆசிரியர் என்று சொல்வது அவரைத்தான். கலைஞனின் அடையாளம் என்று வாதாடும் ஸ்டுடியோ உரிமையாளர், ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் அந்த இளைஞரின் பெயரை முதலில் அச்சிடட்டும். பிறகு அந்த வாதத்துக்கு எடை கூடும்.

இன்னும் ஒரு வழக்கம் இருக்கிறது. முத்திரையோடு படங்களைப் பயன்படுத்திக்கொள்ள அனுமதித்தால் கட்டணத்தில் சலுகை. பெரியவர்கள் இருவர் தெரிந்தே இதற்கு ஒப்புக்கொண்டால் யாரும் குறுக்கே நிற்க வேண்டியதில்லை. வசதி இல்லாதவர் முகம்தான் விளம்பரமாகும் என்ற உறுத்தல் மட்டும் இருக்கவே செய்யும். பிறந்து சில வாரமே ஆன குழந்தையைக் கூடையில் படுக்கவைத்து எடுக்கும் படங்களில் இந்தச் சலுகை கூடுதல் கவனம் கேட்கிறது. கையெழுத்துப் போடுவது பெற்றோர், முகம் குழந்தையுடையது. அப்படிப்பட்ட ஒப்பந்தத்தில் காலக்கெடு ஒன்று இருக்க வேண்டும். குழந்தை வளர்ந்து வேண்டாம் என்று சொன்னால், வாங்கிய சலுகையைத் திருப்பிக் கேட்காமல் படத்தை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிடுவோம் என்ற வரியும் அதில் இருக்க வேண்டும்.